எரிபொருள் விலையும் வீட்டுச் செலவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என்னிடம் வண்டியே இல்லை. பெட்ரோல், டீசல் விலை உயர்வைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

வண்டி இல்லாதவர்கள் இந்தச் சுமையைத் தாங்கள் சுமப்பதே தெரியாமல் சுமக்கிறார்கள் என்பதால், இந்தக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கவனிக்க வேண்டியது டீசல் விலையை. நிலத்தை உழும் டிராக்டர், அறுவடை இயந்திரம், சந்தைக்குச் சரக்கேற்றும் லாரி ஆகியவை பெரும்பாலும் டீசலில் ஓடுவதால், ஒரு காய் உங்கள் சமையலறையை வந்தடைவதற்குள் அதன் விலையில் டீசல் செலவு பலமுறை சேர்ந்துவிடுகிறது. உரமும் இதில் உண்டு. யூரியா தயாரிக்கத் தேவையான அம்மோனியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே கிடைக்கிறது. எரிவாயு விலை ஏறினால் உரத்தின் விலையும் ஏறி, ஒரு சாகுபடிப் பருவம் கழித்து உணவு விலையில் அது வெளிப்படும்.

பெட்ரோல் பங்கில் விலை மாறியது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. மளிகைச் செலவோ பொருளுக்குப் பொருள் வேறுபட்டு, மாதக்கணக்கில் மெல்ல ஏறுகிறது. வருமானம் குறைந்த குடும்பங்களில் உணவுக்கும் பயணத்துக்குமே பெரும்பகுதி போய்விடுவதால், அவர்கள் வெட்டிக் குறைக்க வேறு செலவு மிஞ்சுவதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள்: வருமானத்தில் 10 விழுக்காட்டை எரிபொருளுக்குச் செலவிடும் குடும்பம், விலை 30 விழுக்காடு உயர்ந்தால், அதே அளவு எரிபொருளுக்காக வருமானத்தில் இன்னும் 3 விழுக்காட்டை எடுத்துவைக்க வேண்டும், 2 விழுக்காடு மட்டுமே செலவிடும் வசதியான குடும்பத்துக்கு அது 0.6 விழுக்காடுதான்.

கேள்வி: கச்சா எண்ணெய் விலை சரிந்தாலும் பெட்ரோல் பங்கில் விலை அந்த அளவுக்குக் குறைவதில்லையே?

நீங்கள் கொடுக்கும் விலையில் கச்சா எண்ணெய் ஒரு பகுதி மட்டுமே. சுத்திகரிப்புச் செலவு, போக்குவரத்து, விற்பனையாளர் பங்கு, வரி ஆகியவை அதன்மேல் ஏறுகின்றன. லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாக விதிக்கப்படும் வரி, சந்தை சரியும்போது தானும் சரிவதில்லை. மேலும், கச்சா எண்ணெய் பெரும்பாலும் டாலரில் விற்கப்படுவதால், உள்நாட்டு நாணயத்தின் மதிப்பு வீழ்ந்த நாட்டில் உலகச் சந்தையின் விலைக்குறைவு பாதியிலேயே கரைந்துவிடும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில், மே மாதத்தில் எண்ணெயைப் பெறுவதற்கான ஒப்பந்தத்தின் விலை, அன்றைய வர்த்தக முடிவில் ஒரு பீப்பாய்க்குப் பூஜ்யத்துக்கும் கீழே 37 டாலரைத் தாண்டி இறங்கியிருந்தது, அதாவது விற்பவரே பணம் கொடுத்து எண்ணெயைத் தள்ளிவிடும் நிலை. அதற்காக யாருக்கும் பெட்ரோல் இலவசமாகக் கிடைக்கவில்லை.

கேள்வி: எண்ணெய் விலை ஏறினால் என் வீட்டுக் கடனுக்கான வட்டி ஏன் உயர வேண்டும்?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. வட்டியை உயர்த்துவதால் ஒரு பீப்பாய் எண்ணெய்கூடக் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் மத்திய வங்கிகளின் அச்சம் முதல் விலையேற்றத்தைப் பற்றியதன்று, அதைத் தொடர்ந்து வருவதைப் பற்றியது. செலவு கூடியது என்று வணிகர் விலையை ஏற்ற, விலை கூடியது என்று தொழிலாளர் கூலி உயர்வு கேட்க, அந்தக் கூலி மறுபடியும் விலையில் சேர்ந்து பணவீக்கம் நிலைத்துவிடலாம். கடன் வாங்குவதையும் செலவழிப்பதையும் குறைத்து இந்தச் சுழலைத் தடுக்கவே மத்திய வங்கி தன் வட்டியை உயர்த்துகிறது, அதையொட்டி உங்கள் வங்கியும் வீட்டுக் கடன் வட்டியை உயர்த்துகிறது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபின், பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த விலை சில மாதங்களிலேயே ஏறத்தாழ 12 டாலரைத் தொட்டது. 1979 ஈரான் புரட்சியை ஒட்டி இரண்டாம் அதிர்ச்சி வந்தது. விலை உயர்வும் வேலையின்மையும் சேர்ந்து வாட்டிய அந்தக் காலத்தின் முடிவில், அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டியை 20 விழுக்காடு அளவுக்குக் கொண்டுபோயிற்று. 1982 இறுதியில் அங்கு வேலையின்மை 10 விழுக்காட்டைத் தாண்டியது. பணவீக்கம் அடங்கியது உண்மை. அதற்கான விலையை வேலை இழந்தவர்கள் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. ஆகவே முதல் அதிர்ச்சியைப் பொறுத்துக்கொண்டு, அது கூலிக்கும் பிற விலைகளுக்கும் பரவும் அறிகுறி தெரிந்தபின் வட்டியைத் தொடுவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: அரசே மானியம் கொடுத்து விலையை ஏறவிடாமல் வைத்திருக்கலாமே?

சில வாரங்களுக்கு அது உதவும். நீடித்தால், லிட்டர் கணக்கில் தரப்படும் மானியம் அதிக லிட்டர் வாங்குபவருக்கே, அதாவது பெரிய கார் வைத்திருப்பவருக்கே, அதிகமாகப் போய்ச் சேரும். அதே தொகையை வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு நேரடியாகக் கொடுத்து, பொதுப் பேருந்துக் கட்டணத்தை உயராமல் காப்பது மேலானது. ஆனால் மாற்று உதவி கைக்கு வருமுன் மானியத்தை நிறுத்துவது ஏழைகளுக்கு இழைக்கும் அநீதி.

கேள்வி: எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகளுக்கு லாபம்தானே?

அரசுக் கருவூலத்துக்கு லாபம். அங்குள்ள குடும்பங்களுக்கு அது சென்றுசேருமா என்பது அந்த அரசு செலவிடும் முறையைப் பொறுத்தது.

கேள்வி: வீட்டில் உடனடியாக என்ன செய்யலாம்?

டயரில் காற்று சரியாக இருக்கட்டும், மிதமான வேகத்தில் ஓட்டுங்கள், பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். இவற்றால் மிச்சமாவது சிறிய தொகைதான். இதைவிட முக்கியமாக, எரிபொருள் செலவையும் மளிகைச் செலவையும் மூன்று மாதங்களுக்குத் தனித்தனியே எழுதிவாருங்கள். எரிபொருளுக்குக் கூடுதலாகக் கொடுத்ததைவிட மளிகையில் கூடுதலாகப் போனது அதிகம் என்று தெரிந்தால், சிக்கனத்தை அங்கிருந்து தொடங்கலாம்.