மறுபக்கம் யாரிடம் இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஊரில் சில இளைஞர்கள் சேர்ந்து, கனடாவில் பழங்குடியினர் எரிவாயுக் குழாய்த் திட்டத்தை எதிர்த்த கதையைச் சொல்லும் ‘யிந்தா’ என்ற ஆவணப்படத்தைத் திரையிட்டார்கள். போராடுகிறவர்கள் பக்கத்தை மட்டும்தான் காட்டுகிறார்கள். மறுபக்கத்தையும் காட்டினால்தானே நடுநிலை? தவிர, கனடா காட்டுக்கும் குடியாத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: கனடாவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மறுபக்கம்.

அதை யாரும் ஒளித்துவைக்கவில்லை, ஐயா. 670 கிலோமீட்டருக்குக் குழாய் போட வந்த கம்பெனிக்கு விளம்பரம் செய்யப் பணம் இருந்தது. தடையாணை வாங்கித் தர வக்கீல்கள் இருந்தார்கள். ஆணையை நிறைவேற்றத் துப்பாக்கியோடு போலீஸ் வந்தது. அவர்கள் தரப்புச் செய்தி அன்றன்றைக்கே அச்சில் ஏறிவிட்டது. குழாயை எதிர்த்த வெட்ஸுவெட்டென் பழங்குடி மக்களுக்கு இருந்தது 22,000 சதுர கிலோமீட்டர் பூர்வீக நிலம். எந்த ஒப்பந்தத்திலும் அதை யாருக்கும் எழுதிக்கொடுத்ததில்லை என்கிற உண்மையும் இருந்தது. ஆனால் அந்த உண்மையை வெளியே கொண்டுவர ஆள் வேண்டாமா?

2021 நவம்பரில் அவர்கள் தங்கியிருந்த மரவீட்டின் கதவைப் போலீஸ் கோடாரியால் பிளந்தது, மரம் அறுக்கிற மெஷினைப் போட்டு அறுத்தது. கேமரா கதவுக்கு உள்ளே இருந்ததால்தான் அது நமக்குத் தெரியும். வெளியே போலீஸோடு நின்றிருந்தால், ‘சட்டவிரோதமாக ஆக்கிரமித்தவர்கள் அப்புறப்படுத்தப்பட்டனர்’ என்ற ஒரு வரிச் செய்திதான் மிஞ்சியிருக்கும். அன்றைக்குக் கைதானவர்களில் இந்தப் படத்தின் இயக்குநர்களில் ஒருவரான மைக்கேல் டொலிடானோவும், புகைப்படப் பத்திரிகையாளர் ஆம்பர் பிராக்கனும் உண்டு. மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். மற்ற இரண்டு இயக்குநர்களும் வெட்ஸுவெட்டென் இனத்துப் பெண்கள். தன் வீட்டுக் கதவை அறுக்கும்போது வீட்டுக்காரி நடுநிலையாக நின்று படம் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

இதே மக்களும் பக்கத்து கிட்க்ஸான் மக்களும் சேர்ந்து நிலத்துக்காக முன்பு ஒரு வழக்கு போட்டார்கள். விசாரணை 374 நாள் நடந்தது. மேரி ஜான்சன் என்கிற கிட்க்ஸான் மூதாட்டி சாட்சிக் கூண்டில் நின்று, தன் குலத்தின் பாட்டைப் பாடிக் காட்ட வேண்டும் என்றார். அவர்களுடைய நில உரிமை அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. நீதிபதி மக்கீச்சரனுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பாட்டுக் கேட்கிற காது கிடையாது, என்னிடம் பாடி ஒரு பயனும் இல்லை என்று சொல்லிவிட்டார். 1991-ல் தீர்ப்பும் அப்படித்தான் வந்தது. 1997 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வாய்மொழி வரலாற்றுக்கும் காகித ஆவணத்துக்குச் சமமான மதிப்புக் கொடுக்க வேண்டும், மறுபடி விசாரியுங்கள் என்றது. வழக்குப் போட்டது 1984-ல். சாட்சி சொன்ன பெரியவர்களில் எத்தனை பேர் அந்த நாளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்திருப்பார்கள்!

நம் நாட்டிலும் இதற்கு விதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 13-ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். மனு போட்டவர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிவாங்கினால் அதுவும் ஆதாரம். கிணறு, இடுகாடு, கும்பிடுகிற இடம், எல்லாமே ஆதாரம். ஜவ்வாது மலையில் சாமை விதைக்கிற ஒரு குடும்பத்துக்கு, தாத்தாவைப் புதைத்த இடமும் பட்டாவுக்கு ஒரு சாட்சி. சட்டம் இவ்வளவு தூரம் இறங்கி வந்தும், தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது நீதிமன்ற உத்தரவால் பல வருடம் நின்றுபோயிருந்தது. அந்த வருடங்களில் எத்தனை பெரியவர்களின் வாய்மொழி மண்ணுக்குள் போனது? நல்லதாக ஒரு கேமராவும் பொறுமையான ஒரு ஆளும் மலைக்கு மேலே இருந்திருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். ஆவணப்படக்காரர்கள் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் என் பழைய சண்டை ஒன்றும் கிளம்புகிறது, சொல்லிவிடுகிறேன். ஜமுனாமரத்தூர் கோடை விழாவுக்கு ட்ரோனோடு வருகிற கூட்டம் வருடா வருடம் பெருகுகிறது. மேலிருந்து அருவி, மேலிருந்து மேகம், பின்னணியில் புல்லாங்குழல். ‘யாரும் அறியாத சொர்க்கம்’ என்று தலைப்பு. யாரும் அறியாததா? அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் இருக்கிறார்கள். சீத்தாப்பழக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அவர்களை வெட்டிவிட்டு மலையை மட்டும் காட்டும் படம், ஆளில்லாத நிலம் என்று சொல்லி நிலத்தை எடுத்துக்கொள்ள வருகிறவனுக்குத்தான் உதவும். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வெள்ளைக்காரர்கள் முதலில் சொன்னது அதைத்தான். இதை எழுதும்போதெல்லாம், சுற்றுலாவைக் கெடுக்கிறீர்கள் என்று கடிதம் வரும். வரட்டும்.

2015 ஏப்ரல் 7-ஐ நம் மாவட்டத்துக்காரர் யாரும் மறந்திருக்க முடியாது. சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்து ஏழைகள், ஜவ்வாது மலை மக்கள் பலர். செம்மரம் வெட்டினார்கள், எங்களைத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். நீங்கள் கேட்கிற மறுபக்கம் அன்று மதியமே டிவியில் வந்துவிட்டது. ஆனால் பிணங்களோடு எடுத்த புகைப்படங்களும் வெளியே வந்தன. பக்கத்தில் கிடந்த கட்டைகளைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். அப்போதுதான் வெட்டிய மரத்தில் பெயின்ட் எப்படி வரும், எண் எப்படி வரும் என்று கேட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பிவந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சொன்னார்கள். அந்தக் கட்டைகள் படத்தில் பதியாமல் போயிருந்தால் இந்த வாக்குமூலத்தை யார் காதில் போட்டுக்கொண்டிருப்பார்கள்?

வேலூர்க்காரனாக இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1806 ஜூலை 10 ஞாபகம் வரும். மக்கான் சந்திப்பில் இருக்கிற சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு வருடம் ஒருமுறை மாலை போடுகிறோம். சரி, அந்தச் சிப்பாய்கள் அன்றைக்கு என்ன நினைத்தார்கள், என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நாம் எதிலிருந்து தெரிந்துகொள்கிறோம்? பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் விசாரணைக் காகிதங்களிலிருந்துதான். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி வந்தான். கோட்டைக்குள் அரண்மனையில் ஒளிந்திருந்த ஏறக்குறைய நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து, சுவரோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள். அதை எழுதிவைத்தது யார்? கோட்டை வாசலை வெடிவைத்துத் திறந்த எஞ்சினியர் பிளாக்கிஸ்டன். அந்தக் கோரக் காட்சியையும் தன்னால் ஏறக்குறைய அமைதியாகப் பார்க்க முடிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். சுவரோரம் நின்றவர்களில் ஒருவனுடைய ஒரு வரி நம்மிடம் கிடையாது. தலைப்பாகையை மாற்றச் சொன்னபோது அவனுக்கு எப்படி இருந்தது, வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்பினான், எதுவும் கிடையாது. இருநூறு வருடமாக நாம் மறுபக்கத்தை மட்டுமே வைத்துக்கொண்டு நம் வரலாற்றைப் படிக்கிறோம். நடுநிலை பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தச் சுவர்தான் முதலில் கண்ணில் நிற்கிறது.

சரி, கனடாவுக்கும் குடியாத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? வட ஆர்க்காட்டு மலைகளைக் காப்புக்காடாக்கி, அங்கே இருந்தவர்களையே அத்துமீறியவர்களாக மாற்றியது 1882 மெட்ராஸ் வனச் சட்டம். பெயரில் தமிழ்நாடு என்று மாற்றிக்கொண்டு இன்றைக்கும் அது நடைமுறையில் இருக்கிறது. வெட்ஸுவெட்டென் மக்களின் காட்டைத் தனதென்று சொல்லிக்கொண்டதும் அதே விக்டோரியா ராணியின் அரசுதான். ஒரே எஜமானியிடம் நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் ஒருவர் கதையை ஒருவர் கேட்பதற்கு வேறு சம்பந்தம் எதற்கு?

கனடாப் பழங்குடியினருக்குள் இந்தச் சம்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்றும் பாருங்கள். 1990-ல் ஓகா என்ற ஊரில், கோல்ஃப் மைதானத்தைப் பெரிதாக்குவதற்காக மோஹாக் பழங்குடி மக்களின் பைன் தோப்பை எடுக்கப் பார்த்தார்கள். அதை ஒட்டி அவர்களின் இடுகாடு. 78 நாள் முற்றுகை, கடைசியில் ராணுவமே வந்தது. அலானிஸ் ஒபம்சாவின் என்ற அபெனாகி இனத்துப் பெண் இயக்குநர் தடுப்புக்கு உள்ளேயே தங்கிப் படம் எடுத்தார். அதுவும் அரசாங்கத்தின் திரைப்பட வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே. கோல்ஃப் மைதானம் விரியவில்லை. நில உரிமைச் சிக்கல் முழுசாகத் தீரவும் இல்லை. முப்பது வருடம் கழித்து, 2020 பிப்ரவரியில் வெட்ஸுவெட்டென் நிலத்துக்குள் போலீஸ் புகுந்தபோது, நாட்டின் இன்னொரு பக்கத்தில் டையண்டினேகா ஊர் மோஹாக் மக்கள் ரயில் பாதையோரம் போய் உட்கார்ந்தார்கள். டொரண்டோவுக்கும் மாண்ட்ரியலுக்கும் நடுவில் ரயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. அவர்கள் ஊரில் குழாய் கிடையாது. ‘நமக்கு என்ன சம்பந்தம்’ என்று அவர்கள் கேட்கவில்லை.

படம் திரையிட்ட இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த திரையிடலை மலைமேல் வையுங்கள். இங்கிலீஷில் எழுத்து ஓடினால் போதாது, பக்கத்தில் நின்று ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும். உங்களில் யாராவது ஜவ்வாது மலைப் பெரியவர்களைப் படம் பிடிப்பதாக இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு பிடியுங்கள், முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். யூடியூபில் போட்டுவிட்டோம் என்று ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவு செல்ல வேண்டுமானால், எந்தக் கருவியில் எடுத்தது என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 63-ஆம் பிரிவு. அதனால் வெட்டாத பதிவைத் தேதியோடு இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும், இன்னொன்றைக் கிராம சபையில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவையுங்கள்.