பாளையங்கோட்டை மெட்டல் பேண்டை லேபிள் எப்படித் திரும்பிப் பார்க்கும்?

பாளையங்கோட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான்கு பேர் சேர்ந்த டெத் மெட்டல் பேண்ட் (உறுமல் குரலும் அதிவேக டிரம்ஸும் கொண்ட கனமான ராக் இசை), கையில் ஏழு சொந்தப் பாட்டு. ஒத்திகையில் போனில் எடுத்த ரெக்கார்டிங்கை நியூக்ளியர் பிளாஸ்ட், செஞ்சுரி மீடியா போன்ற பெரிய பெயர்கள் உட்பட ஒரு கூட்டம் லேபிள்களுக்கு, அதாவது ஆல்பம் வெளியிடும் நிறுவனங்களுக்கு, ஒரே மெயிலில் அனுப்பினார்களாம், ஒருத்தரும் பதில் போடவில்லை. லேபிள் கண்ணில் பட என்ன செய்ய வேண்டும், அதற்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபோக வேண்டுமா என்பது கேள்வி.

குடிபோக வேண்டாம் தம்பி. பாளையங்கோட்டையில் இருந்தே செய்யலாம். ஆனால் செய்யும் வரிசையை மாற்ற வேண்டும்.

லேபிள் என்பது உங்கள் ஆல்பத்துக்குப் பணம் போடும் ஆள். சிடி, வினைல் அடிக்க, விளம்பரம் செய்ய, பத்திரிகைகளுக்கு அனுப்ப என்று அவர்கள் கைக்காசு இறங்குகிறது. அதனால் லேபிள் இல்லாமலேயே ஓடிக்கொண்டிருக்கிற பேண்டைத்தான் அவர்கள் தேடுவார்கள். டெல்லியின் பிளட்டிவுட் பேண்டைப் பாருங்கள். யூடியூபில் ஆள் சேர்த்து, 2019இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவில் வாசித்து, 2022இல் முதல் முழு ஆல்பத்தைச் சொந்தமாகவே வெளியிட்டார்கள். ஃபியர்லெஸ் ரெக்கார்ட்ஸ் லேபிளோடு கைகோத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். மும்பையின் டெமோனிக் ரிசரெக்ஷன் 2000இல் தொடங்கியது, கேண்டில்லைட் லேபிளில் ஆல்பம் வந்தது 2010இல். பெங்களூரின் கிரிப்டோஸ் 1998இல் தொடங்கிய பேண்ட், ஜெர்மனியின் ஏஎஃப்எம் லேபிள் மூலம் ஆல்பம் வர 2016 ஆனது. உங்களைச் சோர்வாக்க இதைச் சொல்லவில்லை, பதில் வராத ஒரு மெயிலை வைத்து உங்கள் பாட்டை நீங்களே எடை போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் ரெக்கார்டிங். போன் டெமோ போதவே போதாது. டெத் மெட்டலில் கிக் டிரம்மும் பேஸும் கிட்டாரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும், போன் மைக்கில் அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். நம்ம ஊர் ஸ்டுடியோக்களில் நல்ல கைகள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு வருகிற வேலை பெரும்பாலும் கிறிஸ்தவப் பாட்டும் கோவில் கொடைப் பாட்டும். அந்தப் பழக்கத்தில் மிக்ஸ் செய்தால், அதாவது தனித்தனியாக எடுத்ததை அளவு பார்த்துச் சேர்த்தால், குரல் முன்னால் வந்து நிற்கும், கிட்டார் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், இரண்டு காலாலும் அடிக்கிற டபுள் பெடல் டிரம்ஸ் கேட்கவே கேட்காது. அதனால் எடுப்பதை இங்கே எடுங்கள், மிக்சிங்கை மட்டும் மெட்டல் மிக்ஸ் செய்து பழகிய ஒருவரிடம் கொடுங்கள். அவர் எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை, ஃபைல் போனால் போதும். கிட்டாரை ஆம்ப் வழியாக மட்டும் எடுக்காமல், கிட்டாரில் இருந்து நேராக வரும், எஃபெக்ட் எதுவும் இல்லாத டிஐ லைனையும் தனி ட்ராக்காக எடுத்து வையுங்கள். ஆம்ப் சத்தம் சரியில்லை என்றால் மிக்சிங் செய்பவர் அந்த லைனை வேறு ஆம்பில் விட்டு எடுத்துக்கொள்வார், நீங்கள் மறுபடி வாசிக்க வேண்டியதில்லை. எல்லாம் கிளிக் ட்ராக்கோடு (காதில் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும் ஒலி), 24 பிட் வேவ் ஃபைலாக. டிரம்ஸ் எடுக்கத் தோதான அறை கிடைக்காவிட்டால் எலெக்ட்ரானிக் டிரம் கிட்டில் வாசித்து, எந்த அடி எப்போது விழுந்தது என்பதை மட்டும் மிடியாக எடுத்து, அதன் மேல் நிஜ டிரம்ஸில் பதிவு செய்த நல்ல சாம்பிள்களை ஏற்றுங்கள். லேபிள்காரர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு அடியையும் ஒரே பலத்தில் நேராக்கி விடாதீர்கள், மனிதர் வாசித்த மாதிரி இருக்கட்டும்.

அப்புறம், ஏழு பாட்டையும் ஒரேயடியாக யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். பல பேண்டுகள் சறுக்குவது இங்கேதான். லேபிளுக்கு வேண்டியது இன்னும் வெளிவராத ஆல்பம். ஏற்கெனவே எல்லோரும் இலவசமாகக் கேட்டதை வாங்கி அவர்கள் என்ன செய்வார்கள்? மூன்று பாட்டை இபியாக (ஆல்பத்தைவிடச் சின்ன தொகுப்பு) பேண்ட்கேம்பிலும் ஸ்பாட்டிஃபையிலும் வெளியிடுங்கள். மீதி நான்கை வைத்துக்கொண்டு, இன்னும் நான்கைந்து எழுதி ஆல்பம் ஆக்குங்கள். பேண்ட்கேம்பை அலட்சியம் செய்ய வேண்டாம், மெட்டல் கேட்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் இடம் அது. டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம், டி-ஷர்ட் மாதிரிப் பொருளில் 10 சதவீதம். ஐம்பது பேர் காசு கொடுத்து வாங்கியிருந்தால், ஐயாயிரம் லைக்கைவிட லேபிளுக்கு அது பெரிய சேதி.

பாட்டு எதைப் பற்றி இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஸ்வீடன் பேண்டுகள் பாடிய அதே பனிக்காட்டை நீங்களும் பாடினால் அதைக் கேட்க ஸ்வீடனிலேயே ஆள் இருக்கிறது. உங்களைச் சுற்றி என்ன இருக்கிறது பாருங்கள். சுடலைமாடன் கொடை, சாமியாடி பந்தத்தோடு நடுச்சாமத்தில் மயானத்துக்குப் போய் வருவது, கணியான் கூத்தில் உச்ச மகுடம், மந்த மகுடம் என்ற இரண்டு தோல் கருவிகளும் ஒன்றை ஒன்று துரத்துகிற வேகம். அந்த மகுட அடியைப் பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் தெரியும், இரண்டு கருவியும் சேர்ந்து நெஞ்சில் இடிக்கும். டெத் மெட்டல் டிரம்ஸின் அதிவேக பிளாஸ்ட் பீட்டுக்குக் கொஞ்சமும் குறையாது. தமிழிலேயே பாடுங்கள், உறுமுகிற குரோல் குரலில் வல்லின எழுத்துகள் அப்படிப் பொருந்தும். ஆனால் மகுடத்தை ஊறுகாய் மாதிரி ஓரமாக வைக்க வேண்டாம். கணியான் கலைஞரைக் கூப்பிட்டால் முறையாகச் சம்பளம் பேசுங்கள், ஆல்பத்தில் பெயர் போடுங்கள், பாட்டு அமைப்பதில் அவர் பங்கு இருந்தால் வரும்படியிலும் பங்கு கொடுங்கள்.

மேடை இல்லாமல் லேபிள் இல்லை. நெல்லையில் மெட்டலுக்கு இடம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் திருவனந்தபுரம் பக்கம்தானே. கேயாஸ் மாதிரி த்ராஷ் மெட்டல் பேண்ட் வந்த ஊர் அது, மெட்டல் கேட்கிற கூட்டம் அங்கே இருக்கிறது. பெங்களூருக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் வழியாகத்தான் போகிறது. சென்னை ஐஐடியின் சாரங் போன்ற கல்லூரி விழாக்களின் பேண்ட் போட்டிகளைப் பாருங்கள். முக்கியமாக வாக்கன் மெட்டல் பேட்டில்: லேபிள் ஒப்பந்தம் இல்லாத பேண்டுகளுக்கான போட்டி, நம் பகுதிக்கான இறுதிச் சுற்றில் ஜெயித்தால் ஜெர்மனி மேடை. விதிமுறையை அந்தந்த வருடம் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அதுவரை உள்ளூரிலேயே ஒரு லைவ் வீடியோ எடுத்து வையுங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பேசி, கொடைக்குப் போடுகிற சவுண்ட் சர்வீஸ்காரரையே கூப்பிடலாம், பேஸ் பாக்ஸ் அவரிடம் தாராளமாக இருக்கும். கிட்டார் ஆம்புக்கு மைக் வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மிக்சரில் இருந்து ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக லேப்டாப்பில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே டேக்கில் இரண்டு பாட்டு இருந்தால் போதும், இவர்களால் மேடையில் வாசிக்க முடியும் என்று லேபிளுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது மெயில். பெரிய லேபிளை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் வகை இசையை மட்டும் வெளியிடும் சின்ன லேபிள்களைத் தேடுங்கள். டிரான்செண்டிங் அப்ஸ்க்யூரிட்டி நம் நாட்டில் இருந்து நடக்கும் லேபிள்தான், உலகம் முழுக்க டெத் மெட்டல் கேட்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். ஒவ்வொரு லேபிளும் டெமோ எப்படி வாங்குகிறது என்று அவர்கள் தளத்தில் எழுதியிருக்கும், அதன்படி மட்டும் அனுப்புங்கள். ஒரு லேபிளுக்கு ஒரு மெயில். தலைப்பில் பேண்ட் பெயர், எந்த வகை, எந்த ஊர், வெளிவராத ஆல்பம் என்பது. உள்ளே, அவர்கள் வெளியிட்ட எந்த ஆல்பத்துக்குப் பக்கத்தில் உங்கள் இசை நிற்கும் என்று ஒரு வரி, இபி எத்தனை விற்றது, எங்கெல்லாம் வாசித்தீர்கள் என்று இரண்டு வரி. கீழே கடவுச்சொல் கேட்காமல் திறக்கும் ஒரு தனி லிங்க், அதில் உங்கள் ஆகச் சிறந்த பாட்டு முதலில். இணைப்பாக ஃபைல் வைக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு முறை ஞாபகப்படுத்தலாம்.

யாராவது "சேர்த்துக்கொள்கிறோம், இவ்வளவு பணம் கட்டுங்கள்" என்று பதில் போட்டால் அதை லேபிளாகவே எண்ண வேண்டாம். நல்ல பதில் வந்தால், கையெழுத்துக்கு முன்னால் உங்கள் நால்வருக்குள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பாட்டு யாருடையது, பங்கு எப்படி, ஒருவர் விலகினால் பேண்ட் பெயர் யாருக்கு. பிறகு ஒப்பந்தத்தில் காலமும் நாடும் எழுதியிருக்கிறதா பாருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வரவேண்டிய ராயல்டி பங்கை லேபிளுக்கு விட்டுக்கொடுக்க அந்தச் சட்டத்தின் 2012 திருத்தம் இடம் தரவில்லை, அதனால் அப்படி ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மாஸ்டரை, அதாவது பாட்டின் மூல ஒலிப்பதிவை, மொத்தமாக எழுதிக் கொடுப்பதைவிடக் குறிப்பிட்ட வருடங்களுக்கு உரிமம் கொடுப்பது நல்லது. வெளிநாட்டு லேபிள் என்றால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும், அதனால் பதிப்புரிமை வழக்கு பார்க்கிற ஒரு வக்கீலிடம் ஃபீஸ் கொடுத்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஹைகோர்ட் கிளை இருப்பதால் மதுரையிலேயே விசாரித்துப் பார்க்கலாம்.