கடைசிக் கச்சேரியும் கரண்டு கம்பியும்

அன்புள்ள சார்,

குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் ஊர். சில வருடங்கள் கனடாவில் கிங்ஸ்டன் நகரத்தில் படித்தேன். 2016 ஆகஸ்ட் 20 அன்று அந்த ஊரிலேயே 1984-இல் தொடங்கிய 'டிராஜிக்கலி ஹிப்' என்ற ராக் குழுவின் கடைசிக் கச்சேரி நடந்தது. பாடகர் கோர்ட் டவுனிக்கு மூளையில் குணப்படுத்த முடியாத புற்றுநோய். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. சந்தைச் சதுக்கத்தில் பெரிய திரை கட்டியிருந்தார்கள், அங்கே நின்று பார்த்தேன். அவர்கள் பாட்டு ஒன்றுகூட அதற்கு முன் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற ஆறடி ஆள் ஏங்கி ஏங்கி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்த வருடம் அங்கே ஓயாமல் பேசிய இன்னொரு விஷயம் கரண்டு பில். ஒன்டாரியோ மாகாண அரசு தன் மின் நிறுவனமான 'ஹைட்ரோ ஒன்'னின் பங்குகளை விற்றுக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பினால் இங்கேயும் டீக்கடையில் அதே சண்டை, மின்வாரியத்தைத் தனியாருக்குக் கொடுக்கலாமா என்று. 'வித்துத் தொலைக்கட்டும்' என்கிறார் அப்பா. எனக்கும் அப்படித்தான் படுகிறது. முப்பது வருடம் கொண்டாடிய குழுவுக்கே ஓர் ஊர் கௌரவமாக விடைகொடுத்தது. காலம் முடிந்த வாரியத்துக்கு விடைகொடுக்க நாம் ஏன் இத்தனை பதறுகிறோம்? பொதுத்துறை என்றாலே உருகுகிறவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உருகுகிறவன் என்பது கொஞ்சம் அதிகம். ஓர் அரசு அலுவலகத்தில் ஒரே ஒரு கையெழுத்துக்காகப் பதினோரு நாள் படியேறியிருக்கிறேன். பன்னிரண்டாம் நாள் போனபோது கையெழுத்துப் போடவேண்டியவர் மாற்றலாகியிருந்தார். அந்தப் படிகளை நினைத்து உருக என்னால் ஆகாது.

அந்தக் கச்சேரியை நானும் பிற்பாடு பார்த்தேன். மினுமினுக்கும் கோட்டும் இறகு வைத்த தொப்பியுமாக வந்து நிற்கிறார் டவுனி. நோய் நினைவைத் தின்றுவிட்டதால் அவரே எழுதிய வரிகளை மேடைத் திரைகளில் ஓடவிட்டுப் பாடுகிறார். இடையில் ஓரிடத்தில் பாட்டு நின்று வெறும் அலறலாகிறது. எனக்கு ராக் இசையில் பெரிய ஞானம் கிடையாது. சர்ச் கோயர் கிதாரைத் தாண்டி எதையும் கேட்டு வளர்ந்தவனில்லை. இருந்தாலும் அந்த அலறலைக் கேட்டபின் எழுந்து கொஞ்சநேரம் முற்றத்தில் நின்றேன்.

ஆனால் டிக்கெட் கிடைக்காத நீங்கள் அதை எப்படிப் பார்க்க முடிந்தது என்று யோசித்தீர்களா? ஒளிபரப்பியது சிபிசி, அந்த நாட்டின் பொது ஒலி, ஒளிபரப்பு நிறுவனம். அப்போது ரியோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. அதற்கான ஒளிபரப்பு உரிமையும் சிபிசியிடம்தான். ஒலிம்பிக்கை ஓரமாக வைத்துவிட்டு, ஏறத்தாழ மூன்று மணிநேரம், ஒரு விளம்பரம்கூட இல்லாமல் அந்தக் கச்சேரியைக் காட்டினார்கள். 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. மூன்றில் ஒரு கனடாக்காரர். விளம்பரக் காசை மட்டும் எண்ணுகிறவன் அன்று ஓட்டப்பந்தயத்தைத்தான் காட்டியிருப்பான். செய்யாத கொலைக்காக 23 ஆண்டு சிறையில் கிடந்த டேவிட் மில்கார்டைப் பற்றிப் பாட்டுக் கட்டிய குழு அது. பிரதமர் ட்ரூடோ அரங்கத்தில் உட்கார்ந்திருந்தார். வடக்கே பழங்குடி மக்களைக் கனடா இத்தனை காலம் கண்டுகொள்ளாமல் விட்டதை டவுனி மேடையிலிருந்து அவருக்கு நேராகவே சொன்னார். நாடே கேட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் சொன்ன அந்த விடைகொடுத்தலைச் சாத்தியமாக்கியதே ஒரு பொதுத்துறைதான்.

சரி, உங்கள் ஒப்பீட்டுக்கு வருகிறேன். குழு முடிவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் குரல் ஒரு மனிதரின் தொண்டையில் இருந்தது. 2017 அக்டோபர் 17 அன்று அவரோடு போயிற்று. மின்வாரியத்தை விற்றால் என்ன போகும்? போஸ்ட் அங்கேயேதான் நிற்கும், கம்பி அப்படியேதான் தொங்கும், பில்லும் தவறாமல் வரும். அப்படியானால் விடைபெற்றுப் போவது எது?

இதற்கு ஒன்டாரியோவிலேயே பதில் கிடைக்கிறது. ஹைட்ரோ ஒன் முழுக்க அரசிடம் இருந்தபோது அதன் பில் குளறுபடிகள் சந்தி சிரித்தன. மாகாணக் குறைதீர் அதிகாரியிடம் பத்தாயிரத்துக்கும் மேல் புகார்கள் குவிந்து, 2015 மே மாதம் அவர் கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அடுத்த மாதமே பங்கு விற்பனைக்கான சட்டம் நிறைவேறியது. அதே சட்டம், அந்த நிறுவனத்தை விசாரிக்கும் அதிகாரத்தைக் குறைதீர் அதிகாரியிடமிருந்தும் தணிக்கைத் தலைவரிடமிருந்தும் எடுத்துவிட்டது. நிறுவனமே தனக்கொரு குறைதீர் அதிகாரியை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கள்ளன் வீட்டு நாய்க்குக் கள்ளனே சோறு போடுகிற ஏற்பாடு. 2015 நவம்பரில் பங்கு ஒன்று 20.50 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. அரசின் பங்கு பிறகு பாதிக்கும் கீழே போனது. தலைமை அதிகாரியின் 62 லட்சம் டாலர் ஆண்டுச் சம்பளம் 2018 தேர்தலில் மேடைப் பேச்சானது. விற்ற கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தது 7 இடம்.

ஒரு திருத்தமும் சொல்லவேண்டும். அங்கே கரண்டு பில் ஏறியதற்கு விற்பனை காரணமல்ல. அது அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிட்டது. உற்பத்தி நிலையங்களோடு போட்ட நீண்டகால ஒப்பந்தங்களின் செலவு அதில் பெரும்பங்கு. கட்டணத்தை நிர்ணயிப்பதும் ஒழுங்குமுறை வாரியம்தான், கம்பெனி அல்ல. விற்பனையை எதிர்த்தவர்களில் பலர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் கைதட்டாது.

அப்புறம், அந்த ஊர்ப் பொது மின்சாரத்தைத் தொடங்கிவைத்த ஆடம் பெக் ஒரு முதலாளி, சுருட்டுப் பெட்டி செய்து விற்றவர். நயாகரா மின்சாரம் நான்கைந்து பணக்காரர் கையில் இருந்தால் தன்னைப் போன்ற சிறு தொழிற்சாலைக்காரன் பிழைக்க முடியாது என்று அடக்கவிலைக்கு மின்சாரம் கேட்டார். அதற்கான பொது மின் ஆணையம் அமைந்தது 1906-இல். நம் பேச்சிப்பாறை அணையைத் திருவிதாங்கூர் கட்டி முடித்ததும் அதே வருடம். வெறும் தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

இப்போது நம் ஊர். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அன்று காலையில் எங்கள் ரப்பர் தோட்டம் படுத்துவிட்டது. மரங்கள் விழுந்தது கம்பியின்மேல், கம்பி இழுத்து போஸ்ட் முறிந்தது. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் போஸ்ட்டுகள் போயின. ஒரு தனியார் நிறுவனத்தின் கைபேசிக் கோபுரம் எங்கள் மேட்டில் இருக்கிறது. அதுவும் செத்தது. பக்கத்து ஊர் போய் அவர்களைக் கூப்பிட்டால், என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண்குரல் பாட்டுக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருந்தது.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ லைன்மேன்கள் வந்தார்கள். வெளிமாவட்டத்து ஆட்கள். வாரியம் எல்லா மாவட்டத்திலிருந்தும் திரட்டி அனுப்பியிருந்தது. லாரி தோட்டத்துக்குள் வராது. சிமெண்ட் போஸ்ட்டைக் கயிறும் கம்பும் கட்டி, எட்டுப் பேர் தோள் கொடுத்து, சேற்றில் வழுக்கி வழுக்கி மேட்டில் ஏற்றினார்கள். எங்கள் ஆட்களும் போய்த் தோள் கொடுத்தோம். முன்னால் போன பையன் ஒரு வரி எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் மூச்சை விட்டு ஏற்றுச் சொல்வார்கள். மத்தியானம் மரச்சீனியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் கொடுத்தோம். மீன் கிடையாது. கடற்புறத்து ஊர்களில் கடலுக்குப் போனவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் காந்தாரியைக் கடித்துவிட்டு ஒரு செம்பு வெள்ளத்தையும் குடித்துத் தீர்த்தான். சாயங்காலம் வீட்டில் பல்பு எரிந்தபோது அவர்கள் அடுத்த மேட்டில் இருந்தார்கள்.

இதே கதை ஒடிசாவில் வேறு மாதிரி நடந்தது. இந்தியாவில் மின் விநியோகத்தை முதலில் தனியாருக்குக் கொடுத்த மாநிலம் அது. மத்தியப் பகுதியை ஏ.இ.எஸ். என்ற அமெரிக்கக் கம்பெனி 1999 செப்டம்பரில் எடுத்தது. அக்டோபர் 29-இல் பெரும்புயல். 2001-இல் கம்பெனி கிளம்பிவிட்டது. புயல் மட்டும் காரணமல்ல, பாக்கியும் கட்டணத் தகராறும் இருந்தன. ஆனால் கிளம்ப முடிந்தது என்பதைக் கவனியுங்கள். வாரியத்தால் அப்படிப் பெட்டியைக் கட்ட முடியாது.

மறுபக்கமும் உண்டு. டெல்லியில் 2002-இல் தனியாரிடம் போனபோது பாதி மின்சாரம் திருட்டிலும் கசிவிலும் போய்க்கொண்டிருந்தது. இன்று அந்த இழப்பு பத்து சதவீதத்துக்கும் கீழே. இதை மறுத்துப் பேசுகிற தோழர்களோடு எனக்கு ஒத்துவராது. ஒடிசாவிலும் இப்போது டாடா பவர் 51 சதவீதமும் அரசு 49 சதவீதமுமாக நடத்துகிறார்கள். நம் முப்பந்தலில் சுற்றுகிற காற்றாலைகள் பெரும்பாலும் தனியாருடையவைதான், அதற்காக ஆரல்வாய்மொழியில் யாரும் குடிமுழுகிப் போகவில்லை. காற்றாலையை யாரும் வைக்கலாம். ஆனால் என் வீட்டுக்கு வருகிற கம்பி ஒன்றே ஒன்று, பிடிக்கவில்லை என்று நான் கடை மாற முடியாது. அதனால் அந்தக் கம்பியை வைத்திருப்பவன் சட்டசபைக்குப் பதில் சொல்லவேண்டியவனாக இருக்கட்டும் என்கிறேன். வாரியத்தின் கடன் மலையளவு, அதையும் அங்கேயே கேட்கட்டும்.

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். ஒக்கிக்கு உங்கள் வீட்டில் எத்தனையாம் நாள் கரண்டு வந்தது? எந்த ஊர்க்காரர்கள் வந்து போஸ்ட் நட்டார்கள்? அவருக்கு ஞாபகம் இருக்கும். அப்படியே மில்கார்டைப் பற்றிய அந்தப் பாட்டையும் அனுப்பிவையுங்கள், சாயங்காலம் கரண்டு இருந்தால் கேட்கிறேன்.