மகெலேலேயை விற்றதில் என்ன தவறு?

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான செல்சியில் ஐந்து சீசன் ஆடி இரண்டே கோல் அடித்தவர் பிரெஞ்சு நடுக்கள வீரர் குளோட் மகெலேலே. அவரை விட்டுவிட்டு பெக்காமை எடுத்த ஸ்பெயின் கிளப் ரியால் மாட்ரிட் செய்ததில் என்ன தவறு?

பதில்: பெக்காமை எடுத்தது தவறே இல்லை. மகெலேலேயை அனுப்பியதுதான் தவறு. 2003 கோடையில் அவர் சம்பள உயர்வு கேட்டார், கிளப் மறுத்தது, செல்சி வாங்கிக்கொண்டது. ஜிடான், ஃபிகோ, ரொனால்டோ, ரவுல், பெக்காம் என எல்லோரும் இருந்தும் அந்த சீசனில் மாட்ரிட் லீக்கில் நான்காவது இடம். கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோல்வி. ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மொனாக்கோவிடம் வெளியேறியது. அடுத்த லீக் பட்டம் 2007இல்தான்.

காரணம் ஆடுகளத்தில் கண்கூடாகத் தெரிந்தது. இடது பேக் (இடப்பக்கத் தடுப்பு வீரர்) ரொபெர்ட்டோ கார்லோஸ் எதிரணியின் எல்லைவரை ஏறிவிடுவார். பந்து பறிபோன கணத்தில் அவர் விட்டுப்போன இடத்துக்கு நகர்ந்து, எதிரணி ஓடிவரும் பாதையை மறிப்பது மகெலேலேயின் வேலை. சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதை அவருடைய அடையாளமாகப் பலர் நினைக்கிறார்கள். அவருடைய உண்மையான பலம் அதற்கும் முந்தைய நொடியில் இருந்தது: பாஸ் எங்கே போகும் என்று கணித்து, அந்தக் கோட்டில் முன்கூட்டியே போய் நிற்பார். பந்து கிடைத்ததும் ஓரிரு தொடுதலில் பக்கத்தில் நிற்கும் ஜிடானுக்குக் கொடுத்துவிடுவார். அவர் போனபின் சென்டர் பேக்குகளுக்கு, அதாவது நடுத் தடுப்பு வீரர்களுக்கு, முன்னால் இருந்த இடம் திறந்துவிட்டது. அங்கே ஆட நேர்ந்தபோது, பெக்காமின் நீண்ட பாஸ் அந்த ஓட்டையை அடைக்கவில்லை.

செல்சிக்கு 2004இல் பயிற்சியாளராக வந்த மொரின்யோ மூன்று நடுக்கள வீரர்களை முக்கோணமாக நிறுத்தினார். அடிமுனையில் மகெலேலே, முன்னால் லாம்பார்டும் இன்னொருவரும். அன்றைய இங்கிலாந்து அணிகள் பல 4-4-2 ஆடின: தடுப்பில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், தாக்குதலில் இருவர். நடுக்கள நால்வரில் இருவர் ஓரங்களில் நிற்பதால், நடுவில் அவர்களுக்கு இரண்டு பேர், செல்சிக்கு மூன்று. மகெலேலேயைப் பிடிக்க ஒருவர் மேலே வந்தால் லாம்பார்டு விடுபடுவார். வராவிட்டால் மகெலேலே நிதானமாகப் பந்தைப் பரப்புவார். 2004-05இல் 38 லீக் ஆட்டங்களில் செல்சி வாங்கிய கோல் 15 மட்டுமே. கோல்கீப்பர் செக், தடுப்பு வீரர்கள் டெர்ரி, கர்வால்யோவுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அவர்களை நேருக்கு நேர் சந்திக்க எதிரணி முதலில் மகெலேலேயைக் கடந்தாக வேண்டும்.

அவருக்குக் கோல் அடிக்கத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1995இல் பிரெஞ்சு லீக் பட்டம் வென்ற நாந்த் அணியில் வலது ஓரத்தில் ஓடித் தாக்கியவர் அவர். மார்சேயில் ஒரு சீசன் ஆடிவிட்டு ஸ்பெயின் கிளப் செல்டா விகோ போனார். தடுப்பு நடுக்கள வீரராக உருமாறியது அங்கேதான். 2000இல் இத்தாலியின் யுவென்டஸை செல்டா 4-0 என வீழ்த்திய யூஃபா கோப்பை ஆட்டத்தில் முதல் நிமிடக் கோல் அவருடையது. முன்னேறத் தெரிந்தும் பின்னால் நின்றார், அணிக்கு அது தேவைப்பட்டதால்.

பழைய ஆட்டப் பதிவு ஏதாவது கிடைத்தால், மாட்ரிட் பந்தோடு முன்னேறும்போது பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் கால் மணி நேரம் பாருங்கள். கார்லோஸ் ஓடத் தொடங்கும்போதே அவர் இடப்பக்கம் நகர்ந்துகொண்டிருப்பார்.