இண்டிகேட்டரைக் கண்டுபிடித்தவர் ஒரு நடிகையா?

கேள்வி: காரில் இருக்கும் இண்டிகேட்டரைக் கண்டுபிடித்தவர் அந்தக் கால அமெரிக்க நடிகை ஒருவர் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பாதி உண்மை. அந்தச் செய்தி குறிப்பிடும் நடிகை ஃபுளோரன்ஸ் லாரன்ஸாக இருக்க வேண்டும். 1886-இல் கனடாவில் பிறந்த இவர், மௌனப்படக் காலத்தில் அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்றவர். கார்ப் பைத்தியம் என்றே சொல்லலாம். 1914 வாக்கில், பொத்தானை அழுத்தினால் காரின் பின்புறம் ஒரு கைகாட்டி உயர்ந்தோ தாழ்ந்தோ திருப்பத்தை அறிவிக்கும் அமைப்பையும், பிரேக்கை மிதித்தால் ‘நில்’ என்னும் பலகை வெளியே தெரியும் அமைப்பையும் அவர் உருவாக்கினார். இரண்டுக்குமே அவர் காப்புரிமை வாங்கவில்லை. (அவருடைய தாயார் சார்லட் பிரிட்ஜ்வுட், மின்சாரத்தால் இயங்கும் வைப்பருக்கு 1917-இல் காப்புரிமை பெற்றார் என்பது தனிக்கதை.)

ஆனால் லாரன்ஸ்தான் முதல்வர் என்று சொல்வதற்கில்லை. பெர்சி டக்ளஸ்-ஹாமில்டன் என்பவர் 1907-இலேயே இத்தகைய கருவிக்கு விண்ணப்பித்து, 1909-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். அவருடைய கருவி மனிதக் கையின் வடிவத்திலேயே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஓட்டுநர்கள் சன்னல் வழியே கையை நீட்டித் திருப்பத்தைத் தெரிவித்துவந்த காலம் அது. எனவே கருவி செய்ய முனைந்தவர்களும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அந்தக் கைக்கு மாற்றாக இன்னொரு கையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஐரோப்பாவில் அந்தக் கைக்கு மின்சாரம் வந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1928-இல் சந்தைக்குக் கொண்டுவந்ததும், பிரிட்டனில் ‘டிராஃபிகேட்டர்’ என்று பெயர் பெற்றதுமான அந்தக் கருவி, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடைப்பட்ட தூணுக்குள் மடங்கிக் கிடக்கும். சுவிட்சைத் திருப்பினால் மின்காந்தம் இழுக்க, உள்ளே பல்பு எரியும் ஆரஞ்சு நிறப் பட்டை ஒன்று ரயில் கைகாட்டியைப் போல் வெளியே நீளும். அது சிமிட்டாது, நீண்டபடியே நிற்கும். துருவோ தூசியோ சேர்ந்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும் என்பதால், ஓட்டுநர் தூணை உள்ளிருந்தே ஓங்கித் தட்டி அதை வெளியே வரவைப்பது அன்றைய வழக்கம். ஐரோப்பாவில் விற்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1960 வரையிலும், மோரிஸ் மைனர் 1961 வரையிலும் இந்தப் பட்டையுடனேயே வந்தன. இலங்கைச் சாலைகளில் இன்னும் ஓடும் பழைய மோரிஸ் மைனர்கள் சிலவற்றின் தூண்களில் அது இருந்த இடத்தைப் பார்க்கலாம்.

கையை விட்டுவிட்டு விளக்கையே அடையாளமாக்கிய முதல் பெரிய நிறுவனம் அமெரிக்காவின் பியூக். 1939-ஆம் ஆண்டு மாடலில் பின்புறம் மட்டும் சிமிட்டும் விளக்கை வைத்தார்கள். அடுத்த ஆண்டு முன்புறமும் வைத்து, திருப்பம் முடிந்து ஸ்டீயரிங் நேரானதும் தானாகவே அணையும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். நாம் இன்று இண்டிகேட்டர் என்று சொல்லும் பொருள் அப்போதுதான் முழுமை பெற்றது என்பது என் கருத்து. லாரன்ஸின் கைகாட்டிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை.

கேள்வி: இண்டிகேட்டர் போட்டதும் ‘டிக் டிக்’ என்று கேட்பது எதனால்? சில வண்டிகளில் அது ஏன் திடீரென வேகமாகிறது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பழைய வண்டிகளில் ஒரு சிறிய தகர டப்பாவுக்குள், ஒட்டிவைத்த இரு உலோகங்களால் ஆன தகடு ஒன்று இருந்தது. விளக்குக்குச் செல்லும் மின்சாரம் அதைச் சூடாக்கும். இரு உலோகங்களும் ஒரே அளவில் விரியாததால் தகடு வளைந்து இணைப்பு அறும். விளக்கு அணைந்து, தகடு ஆறி, மீண்டும் தொடும். தொட்டு விலகும் அந்த ஓசைதான் உங்கள் ‘டிக் டிக்’. இப்போது சிமிட்டலை மின்னணுச் சுற்று கவனித்துக்கொள்கிறது. பல கார்களில் ஓட்டுநருக்காகவே ஒலிபெருக்கி வழியே அந்த ஓசையை எழுப்புகிறார்கள்.

நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை சிமிட்ட வேண்டும் என்பது உலகெங்கும் பொதுவான வரம்பு. அதைவிட வேகமாகச் சிமிட்டினால், பெரும்பாலும் முன்னாலோ பின்னாலோ ஒரு பல்பு போய்விட்டது என்று பொருள். ஓட்டுநருக்குத் தெரியட்டும் என்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

கேள்வி: இண்டிகேட்டர் இருக்கும்போது கை காட்டுவதற்குச் சட்டத்தில் இன்னும் இடம் உண்டா?
– வாசகர், தென்காசி

பதில்: உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 121-ஆம் பிரிவில், ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள வண்டியில் திரும்பும் சைகையையும் நிறுத்தும் சைகையையும் கருவி மூலம் ‘தரலாம்’ என்கிறது. இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள வண்டியிலோ கருவி மூலம்தான் ‘தர வேண்டும்’ என்கிறது. காரணம் எளிது: நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்வதால், இடப்பக்கம் அமர்ந்து ஓட்டுபவர் நீட்டும் கை நடைபாதைப் பக்கமே நீளும், எதிரே வருபவர்களுக்கும் முந்த வருபவர்களுக்கும் அது சரியாகத் தெரியாது.