ஒரே அணை, இரண்டு செய்தி

முல்லைப் பெரியாறு அணை விஷயத்தில், தமிழக-கேரள எல்லை ஊரான குமுளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மக்கள் எதிரெதிராக நினைப்பதற்கு ஊடகம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பங்கு உண்டு. அதற்குப் பொய் சொல்லவே வேண்டாம், எதை முன்னால் காட்டுகிறார்கள் என்பதே போதும்.

142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீர்மட்டம் அதை நெருங்கும் நாளில் சேனல் மாற்றிப் பாருங்கள். தமிழில் கம்பம் பள்ளத்தாக்கு வயல், விவசாயியின் சிரிப்பு. மலையாளத்தில் அணைக்குக் கீழே இருக்கும் வண்டிப்பெரியாறு கரையோர வீடுகள், எச்சரிக்கை. இரண்டுமே உண்மைதான். ஆனால் ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு மற்றவரின் பயமோ தாகமோ கண்ணிலேயே படாது.

ஊடகம் எதை அழுத்திச் சொல்கிறதோ அதையே மக்களும் முக்கியமாக எண்ணுகிறார்கள் என்று ஊடக ஆய்வாளர்களான மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1972இல் எழுதினார்கள். அப்புறம் அந்த எதிரெதிர் எண்ணம் தெருவுக்கு வரும். 2011 டிசம்பரில் இந்த அணைத் தகராறால் குமுளி வழியே போக்குவரத்தே நின்றது. ஏலத்தோட்டக் கூலிக்கு ஜீப்பில் மலையேறுகிற தமிழர்களின் பிழைப்பு அடிபட்டது.