மே மாதத்தில் எந்தக் கடல்?

கேள்வி: மகளுக்கு 19 வயது. இந்த விடுமுறையில் பலகையில் ஏறி அலைமேல் சறுக்கும் சர்ஃபிங் கற்றே தீருவேன் என்கிறாள். எனக்கோ மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதக்கும் ஸ்நார்க்கெலிங் செய்து பவளப்பாறை மீன்களை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். கணவருக்கு நீச்சல் தெரியாது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பவர் முகமே தெரியாது. மே மூன்றாவது வாரத்தில் எட்டு நாள் கிடைக்கும். இரண்டும் ஒரே கடற்கரையில் அமைகிற இடம் வேண்டும். மாலத்தீவு, பாலி, இலங்கை மூன்றையும் யோசித்தோம். ஜனவரியில் இலங்கையின் ஹிக்கடுவைக்குப் போய்வந்த உறவினர், 'கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே போங்க' என்கிறார். போகலாமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு, இலங்கைக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் மே மாதத்தில் ஹிக்கடுவை வேண்டாம். கிழக்குக் கரைக்குப் போங்கள். உங்கள் உறவினர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் பார்த்தது ஜனவரிக் கடல்.

வெப்பமண்டலக் கடற்கரை என்றதும் ஆண்டு முழுவதும் நீலமாய், தெளிவாய் இருக்கும் என்று விளம்பரப் படங்கள் நம்மை நம்ப வைத்துவிட்டன. உண்மையில் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது காற்று. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை இலங்கையைத் தொடும். அதற்கு முன்பே மேற்கு, தெற்குக் கரைகள் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். மணல் கலங்கி, தண்ணீருக்குள் கையை நீட்டினால் விரல் தெரியாத நாட்கள் உண்டு. அதே நேரத்தில் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கடல் தெளிந்து அமைதியாக இருக்கும். கிழக்கில் கச்சான் என்று சொல்கிற அந்தத் தென்மேற்குக் காற்று, நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசுவதுதான் காரணம். வாடைக்காற்று தொடங்கும் நவம்பரில் நிலைமை அப்படியே தலைகீழாகும். அதனால், எங்கே போனாலும் முதலில் மாதத்தைப் பாருங்கள், அப்புறம் கரையைத் தேடுங்கள். ஹோட்டலைத் தேடுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

அடுத்தது, ஒரே கடற்கரையில் இரண்டும் வேண்டும் என்கிற ஆசை. ஸ்நார்க்கெலிங்குக்கு அலை அடங்கிய, தெளிந்த தண்ணீர் வேண்டும். சர்ஃபிங்குக்கு அலை உடைந்தாக வேண்டும். உடைகிற இடத்தில் மணல் கிளம்பும், நீரோட்டம் இழுக்கும். பவளப்பாறை வெளியே அலையைத் தடுத்து உள்ளே அமைதியான நீரைத் தேக்கிவைக்கிற சில இடங்களில் மட்டுமே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அமையும். ஹிக்கடுவை அப்படி ஓர் இடம். ஆனால் உங்களுக்குக் கிடைத்திருப்பது மே மாதம். ஆகவே பயணத்தை இரண்டு கடற்கரைகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பாதி உங்களுக்கு, இரண்டாம் பாதி மகளுக்கு.

முதலில் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி. கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு. 2003-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தச் சின்னஞ்சிறு தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைதான் நீங்கள் தேடுவது. கரையிலிருந்து இறங்கிச் சில அடி போனாலே கிளி மீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் காதில் விழும். கடலாமை வரலாம். துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறாக்களும் அங்கே உண்டு. பார்த்ததும் பதற வேண்டாம், மனிதரைக் கண்டால் விலகிப் போகிறவை அவை. காலையில் முதல் படகிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் கூட்டம், மதியத்துக்குப் பின் காற்று. சனி, ஞாயிறையும் புத்தர் திருநாளான வெசாக் பௌர்ணமியை ஒட்டிய நாட்களையும் தவிருங்கள். உள்ளூர்ப் பயணிகள் திரண்டு வருவார்கள், அறையும் கிடைக்காது. நுழைவுச் சீட்டும் படகுக் கூலியும் தனித்தனி என்பதால் படகு பேசும்போதே இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பவளம் உயிருள்ளது. ஒரு கிளை வளர ஆண்டுகள் பிடிக்கும். நம் கால் பட்டால் ஒரு நொடியில் முறியும். கடல் சூடாகி உலகெங்கும் பவளம் வெளுத்துக்கொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பதிவானவற்றில் அது நான்காவது உலகளாவிய வெளுப்பு. மிச்சமிருப்பதையாவது நாம் மிதிக்காமல் இருப்போம். நிற்க வேண்டும் என்று தோன்றினால் மணலுக்கு நீந்தி வந்து நில்லுங்கள். சன்ஸ்கிரீனைக் குறைத்து, முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். பவளத்துக்குக் கேடு என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் சேர்ந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. வாங்கும்போது அட்டையில் இந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கணவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது. அவருடைய பவரைச் சொல்லி ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள், அங்கே வாடகைக்குக் கிடைப்பது நிச்சயமில்லை. மாஸ்க்கைப் பட்டி போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் அளவு சரியில்லை. மீசை இருந்தால் அதன் வழியே தண்ணீர் கசியும், கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். லைஃப் ஜாக்கெட்டும் பக்கத்தில் வழிகாட்டியும் இல்லாமல் அவர் இறங்கவே கூடாது. முதல் முயற்சி தீவில் வேண்டாம். நிலாவெளியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, முகத்தை மட்டும் நனைத்து, குழாய் வழியாக மூச்சுவிட்டுப் பழகட்டும். பயம் போக ஒரு மாலை வேண்டியிருக்கும், அவசரப்படுத்தாதீர்கள். தெற்கே போகும் வழியில் பாசிக்குடாவில் ஓர் இரவு தங்கினால் அவருக்குப் பெரிய ஆறுதல். வெகுதூரம் நடந்தாலும் ஆழம் ஏறாத கடல் அது.

நிலாவெளியிலிருந்து அறுகம்பே ஏறக்குறைய 250 கிலோமீட்டர். பொத்துவிலை ஒட்டிய இந்த ஊரின் சர்ஃபிங் பருவம் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. தென்கோளத்தின் குளிர்காலப் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள், இந்துமாக்கடலைக் கடந்து இங்கே வந்து நீளமாக, வரிசையாக உடைகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உலகெங்கிலுமிருந்து தேர்ந்தவர்கள் வந்து குவிவார்கள். மே மாதத்தில் அலையும் கூட்டமும் மிதம், கற்பவருக்கு அதுவே நல்லது. புகழ்பெற்ற மெயின் பாயின்டில் மகள் இறங்க வேண்டாம். அடியில் பாறை, மேலே போட்டி. பேபி பாயின்டில் தொடங்கட்டும். கை பழகியதும் ஆட்டோ பிடித்து விஸ்கி பாயின்ட், பீனட் ஃபார்ம் போகலாம். எட்டு, ஒன்பது அடி நீள மென்பலகை, கணுக்காலில் கயிறு, இடுப்பளவு நுரையலையில் பயிற்சி என்று தொடங்காத பள்ளியை நம்பாதீர்கள். நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், பலகையை விடாமல், கரைக்குப் பக்கவாட்டில் நகர வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லித்தர வேண்டும். சுற்றியுள்ள களப்புகளில், அதாவது உப்பங்கழிகளில், முதலை உண்டு, அங்கே குளிக்க இறங்காதீர்கள்.

நான் கிழக்கைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே சர்ஃபிங் சொல்லித்தருகிற பல இளைஞர்களின் தாய்மொழி தமிழ். அலை பின்னால் வந்துகொண்டிருக்கும்போது 'இப்ப எழும்பு' என்று தமிழில் கேட்பது, முதல்முறை பலகையில் ஏறும் பெண்ணுக்கு எவ்வளவு தெம்பு தரும்! 2018-ல் அறுகம்பே ஊர்ப் பெண்களே சேர்ந்து ஒரு சர்ஃப் கிளப் தொடங்கியிருக்கிறார்கள். மகளை அவர்களோடு பேசச் சொல்லுங்கள். கூச்சம் பாதி அங்கேயே கழன்றுவிடும்.

மாலத்தீவு உங்களுக்கு அழகான விடுமுறை. தங்கும் தீவின் கரையிலேயே ஸ்நார்க்கெலிங் செய்யலாம். மகளுக்குத்தான் சரிப்படாது, அங்கே அலை பெரும்பாலும் ஆழமில்லாத பவளத்தின்மேல் உடைகிறது, முதல்முறை விழுபவருக்கு அது ஆபத்து. பாலி நல்ல தேர்வுதான். மே மாதம் அங்கே வறண்ட பருவத்தின் தொடக்கம், கூட்டாவில் மணல்தரை அலை, ஆமெட்டில் பவளம். இரண்டுக்கும் நடுவே சில மணி நேரச் சாலைப் பயணம் அங்கேயும் உண்டு, விமானத்துக்கும் நிறையச் செலவாகும். எட்டு நாளில் அவ்வளவு தூரம் ஓட வேண்டுமா என்று யோசியுங்கள்.

மகளுக்கு இப்போதே ஒரு வேலை கொடுங்கள். நீச்சல் குளத்தில் தினமும் அரைமணி நேரம். சர்ஃபிங்கில் பெரும்பகுதி நேரம் படுத்தபடி கையால் துழாவுவதுதான். தோள் களைத்தால் மூன்றாம் நாளே அறையில் படுத்துவிடுவாள். முடிந்தால் ஒரு வார இறுதியில் சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் இரண்டு வகுப்பு எடுத்துக்கொள்ளட்டும். பிடித்திருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மே மாதம் தள்ளிப்போய் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோதான் போக நேர்ந்தால், இந்தத் திட்டத்தை அப்படியே கைவிடுங்கள். அப்போது உறவினர் சொன்ன ஹிக்கடுவையில் நீங்கள் ஸ்நார்க்கெலிங் செய்யலாம், மணல்தரை உள்ள வெலிகமவில் மகள் பலகை ஏறலாம். இரண்டுக்கும் நடுவே காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.